பீப்பாய்க்கு வருத்தம்

முந்தைய நாள் குழம்பைக்கூட அக்கா கொட்டமாட்டார். திரிந்த பாலுக்கு அவரிடம் ஒரு வழி இருந்தது, இளகிப்போன தக்காளிக்கு ஒரு வழி இருந்தது, காய்ந்து விறைத்த ரொட்டித் துண்டுக்கு இரண்டு வழி இருந்தது. லண்டனில் அப்டன் பார்க் பகுதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே அவர் குடியிருந்த சின்ன வீட்டில் குப்பைத்தொட்டி இருந்தது. அதற்கு வேலைதான் இல்லை. முதலில் நான் இதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பெரியப்பா தீக்குச்சியைப் பிளந்து இரண்டாக்குகிறவர். அதனால் கஞ்சர்களை முகம் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அக்கா விஷயத்தில் அந்தக் கர்வம் பலிக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போனவர்கள் சாப்பிடாமல் படியிறங்கியது கிடையாது. கெட்டுப்போகிற ஒன்றைக் கைவிட அவருக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

மன்னார்க்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எண்பதுகளின் நடுவில் அகதியாக லண்டனுக்கு வந்து, கிழக்கே லீ ஆற்றங்கரையில் இருந்த ஒரு பியர் வடிசாலையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருந்தார். நான் திண்டுக்கல்லிலிருந்து படிக்க வந்தவன். படிப்புக்கும் எனக்கும் ஒத்துப்போகாமல் அதே சாலையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாலை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கரி பிடித்த ஒரு செங்கல் கட்டடம், ஒழுகும் கூரை, பக்கத்தில் ரயில் பாலம். முதல் உலகப் போரில் பெல்ஜியத்திலிருந்து ஓடிவந்த ஒரு குடும்பம் தங்கள் ஊர் வழக்கப்படி பியர் வடித்த இடம் அது. அப்புறம் வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. அந்தக் குடும்பத்துப் பேரன் ஒருவர் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்து பூட்டைத் திறந்தார். அவர்தான் எங்கள் முதலாளி. அக்கா அவரைத் 'துரை' என்பார். அந்தத் துரையின் ஸ்வெட்டர் முழங்கையில் எப்போதும் ஓட்டை இருந்தது.

அவர்கள் வடித்த பியருக்கு லாம்பிக் என்று பெயர். மற்ற பியருக்கு ஈஸ்ட் போடுவார்கள். இதற்கு யாரும் எதையும் போடுவதில்லை. கோதுமையும் பார்லியும் காய்ச்சிய சாற்றைக் கூரைக்கு அடியில் இருக்கும் மாடத்தில், அகலமான செப்புத் தொட்டியில் விட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிடுவார்கள். குளிர்காலக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் அலைகிறதெல்லாம் அதில் வந்து விழும். ஆறியதும் பழைய வைன் பீப்பாய்களுக்கு மாற்றினால் தானே புளிக்கத் தொடங்கும். அதன் பிறகு காத்திருப்பதுதான் வேலை. ஒரு வருடத்துப் பியர் பச்சைக் குழந்தை, மூன்று வருடத்துப் பியர்தான் ஆளானது. இளசையும் முதிர்ந்ததையும் கலந்து புட்டியில் அடைத்துவைத்தால் திறக்கும்போது பொங்கி வரும். வாயில் வைத்தால் முதலில் சுரீரென்று புளிக்கும், பிறகு மாட்டுத்தொழுவ வாசம் அடிக்கும், அதையும் பொறுத்துக்கொண்டால் பச்சை ஆப்பிள் மாதிரி ஒன்று நாக்கில் நிற்கும். பெல்ஜியத்தில் அது பிறந்த பள்ளத்தாக்குக்கு வெளியே வடித்ததை லாம்பிக் என்பது மரியாதை இல்லை என்று முதலாளி லேபிளில் அந்தப் பெயரைப் போடவில்லை. எங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில் அக்கா செய்த காரியத்தை முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், வருகிறதே என்று மாடத்தையும் பீப்பாய் அறையையும் அக்கா ஒட்டடை அடித்துவிட்டார். ஒரு நூல் மிச்சமில்லை. காலையில் வந்த முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். புளிப்பு வாசத்துக்கு ஈ வரும், ஈயைச் சிலந்தி தின்னும், அதனால் லாம்பிக் வடிக்கிற இடத்தில் சிலந்தி வலையை யாரும் தொடுவதில்லை.

"சிலந்தியை வேலைக்கு வைச்சிருக்கிறார் எண்டா எனக்கெல்லோ முதல்ல சொல்லியிருக்க வேணும்" என்பார் அக்கா. "துரைக்கு விசர். நான் என்னத்தைக் கண்டன்."

அதன் பிறகு சிலந்திகளுக்கு அவர்தான் காவல். பீப்பாய்களுக்கு நடுவே நான் தோளை இடித்துக்கொண்டு போனால், "பாத்துப் போங்கோ, அவை டியூட்டியிலை நிக்கினம்" என்று அதட்டுவார்.

அவர் குடிக்கமாட்டார். அவருடைய அப்பாவைக் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் கொண்டுபோயிருந்தது. பீப்பாயிலிருந்து ஒரு மிடறு வாயில் வாங்கி, கண்ணை மூடி, நாக்கில் உருட்டி, வடிகாலில் துப்பிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். பின்னாளில் எங்கள் பியருக்குப் பெயர் வந்து, தாடி வைத்த ஆராய்ச்சிக்காரர்கள் பார்க்க வரத் தொடங்கியபோது, அவர்களில் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. வைனைத் துப்பலாம், பியரை விழுங்கினால்தான் அதன் கசப்பு தெரியும் என்று அவர் வகுப்பு எடுத்தார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "விழுங்கினவையை நான் வடிவாப் பாத்திட்டன் எண்டு இவருக்குச் சொல்லுங்கோ" என்றார். நான் அதை மொழிபெயர்க்காமல் மழையைப் பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

இந்தப் பியரின் மதிப்பு எங்கள் ஆட்களுக்கு எட்டவே இல்லை. ஒருமுறை அக்காவின் மாதா கோயில் திருநாளுக்கு முதலாளி ஒரு பெட்டி புட்டி அன்பளிப்பாக அனுப்பினார். அங்கே சமையலில் நின்ற பெண்கள் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது வெள்ளைக்காரரின் நல்ல வினாகிரி என்று முடிவுகட்டி, அவ்வளவையும் அச்சாறு போட்டுவிட்டார்கள். பாதிரியார் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முதலாளிக்கு ஒரு நாள் முழுக்க முகம் தொங்கிப்போயிருந்தது. மறுநாள் அவரே வந்து, அந்த ஊறுகாயில் ஒரு போத்தல் கிடைக்குமா என்று கேட்டார்.

வருத்தம் என்ற சொல்லில் நான் மாட்டிக்கொண்டது சேர்ந்த புதிதில். ஒரு பீப்பாயைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். நான் உருட்டப் போனபோது அக்கா அதன் மேல் கையை வைத்தார்.

"மெல்லமாத் தம்பி. இவருக்கு வருத்தம்."

"அவருக்கு என்னக்கா வருத்தம்? யாராவது மனசு நோகப் பேசிட்டாங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துத் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உங்கட இந்தியாவிலை வருத்தமெண்டால் கவலையோ? எங்களுக்கு வருத்தமெண்டால் காய்ச்சல், தலையிடி, வயித்துக்குத்து. டொக்டரிட்டைப் போற சாமான்."

அன்று முதல் எனக்கு 'இந்தியத் தம்பி' என்று பெயர். காலையில் என்னைப் பார்த்ததும், "என்ன இந்தியத் தம்பி, பீப்பாயளுக்கு மனசு நோகேல்லைத்தானே?" என்பார்.

லாம்பிக்குக்கு நிஜமாகவே வருத்தம் வரும். முதல் வெயில் காலத்தில் சில பீப்பாய்களில் பியர் கெட்டியாகி, வெண்டைக்காய் நறுக்கிய கத்தி மாதிரி நூல் நூலாக இழுக்கும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோக முடியாது. எங்கள் முதலாளி தன் தாத்தாவின் வாய்வழியாகக் கேட்ட கதைகளை நம்பித் தொழிலில் இறங்கியவர். அந்தத் தாத்தா இந்தக் கதையைச் சொல்லாமலே செத்துப்போயிருந்தார். அந்த முதல் கோடையில், நான் உருட்டப் போன அந்தப் பீப்பாயில் தொடங்கி, பக்கத்துப் பீப்பாய், அதற்கடுத்தது என்று வரிசையே இழுக்க ஆரம்பித்தது. முதலாளி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு வெளிறிப்போய் நின்றார். எல்லாவற்றையும் வடிகாலில் கொட்டிக் கழுவிவிடும்படி எங்களிடம் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது.

அக்கா பீப்பாய் வரிசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"சிக், சார்" என்றார். "நோ டெட்."

முதலாளி அன்பாகத்தான் ஏதேதோ விளக்கினார். அக்காவுக்கு ஆங்கிலம் தீர்ந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார். "தம்பி, துரைக்கு வடிவாச் சொல்லும். எனக்குப் பியரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வருத்தக்காரரைக் கொண்டுபோய் வெளியாலை ஊத்திறேல்லை எண்டு மட்டும் தெரியும். பொறுத்துப் பாப்பம். செத்தால் நானே கழுவி விடுறன்."

நான் சொன்னேன். முதலாளி கொஞ்ச நேரம் ஸ்வெட்டர் ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றார். பிறகு பெல்ஜியத்தில் இருந்த ஒரு கிழட்டு உறவினருக்குப் போன் செய்தார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. இது எல்லாப் பியருக்கும் வருவதுதான், உன் தாத்தாவும் முதல் தடவை அழுதார், தொடாமல் விடு என்று அந்தக் கிழவர் சொன்னாராம். அக்காவுக்கு இது எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவர் வழிமறித்து நிற்காமல் இருந்திருந்தால் அந்தப் போனுக்கு முன்பே பாதிப் பீப்பாய் காலியாகியிருக்கும். இலையுதிர் காலம் முடிவதற்குள் ஒவ்வொன்றாக நூல் அறுந்து, தெளிந்து, முன்னைவிட நன்றாக வந்தது. ஒவ்வொன்றையும் சுவைத்துத் துப்பிவிட்டு, மூடியைத் தட்டி, "இவருக்குச் சுகம் வந்திட்டுது" என்று அக்கா அறிவித்தார். துடைப்பத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு முதலாளி அவரைப் பீப்பாய் அறைக்குப் பொறுப்பாக வைத்தார்.

அங்கிருந்துதான் எங்கள் சாலைக்கு நல்ல காலம். மூன்று வருடம் முதிர்ந்த முதல் கலவை வந்ததும் ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். உணவகங்கள் கேட்டன. நான் லண்டனின் கிழக்கே செவன் கிங்ஸிலிருந்து தெற்கே சட்டன் வரை புட்டி கொண்டுபோய் இறக்கினேன். பக்கத்து ரயில் பாலத்தடி வளைவை வாடகைக்கு எடுத்து அங்கேயும் பீப்பாய் அடுக்கினோம், அதற்கு அடுத்த வளைவையும் எடுத்தோம். புதுப் பையன்கள் வேலைக்கு வந்தார்கள். கோடை வந்தால் அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து அக்காவிடம் முறையிடுவார்கள். அக்கா அவசரமே இல்லாமல் எழுந்து போவார். "ஆறுதலாப் பிள்ளையள், ஆறுதலா" என்பார். அவர்களில் ஒருவனுக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் ஆறுதலா என்றால் மெதுவாக என்று அந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரிந்தது.

தொண்ணூறில் அவருடைய தம்பி வந்து சேர்ந்தான்.

அக்காவுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அவன். அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட, தாயாக இருந்து வளர்த்தவர் இவர். அக்கா மன்னாரில் இருந்தபோதே அவனை ராணுவம் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்தது. அங்கே நடந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நெடிய ஆள், கூனிக்கொண்டு நடப்பான், பல் தெரிய அழகாகச் சிரிப்பான். கதவைச் சாத்திய அறைக்குள் அவனால் இருக்க முடியாது. பஸ்ஸில் கதவு மூடினால் வியர்த்துவிடும். இந்த லட்சணத்தில் அவனுக்கு எங்கே வேலை கிடைக்கும்? அக்கா முதலாளியிடம் கேட்டு எங்கள் சாலையிலேயே சேர்த்துவிட்டார். ஜன்னல்கள் திறந்தே இருக்கும் அந்த மாடம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. குளிர் வெட்டும் ஜனவரியில், ஆவி பறக்கும் செப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் பகலில் தூங்குவான். அங்கே மட்டும்தான் அவனுக்குத் தூக்கம் வந்தது.

அவன் குடித்தான். எங்கள் பியரை இல்லை. "உன்ர வினாகிரியை ஆரக்கா குடிப்பான்?" என்று கேலி செய்வான். மூலைக் கடையில் டின் டின்னாக வாங்கிக் குடித்தான், பிறகு சாராயத்துக்குப் போனான். பியர் சாலையில் குடிகாரனை வேலைக்கு வைத்தது தப்பில்லையா என்று கேட்பீர்கள். கோயிலிலும் கேட்டார்கள். நல்ல உத்தியோகத்தில் இருந்த ஒரு அண்ணை, பூசை முடிந்து வாசலில் எல்லோர் காதிலும் விழும்படி அக்காவுக்குப் புத்தி சொன்னார். அறிவுரை சொல்கிறவர்களுக்கு எப்போதும் சத்தமாகத்தான் பேசவரும்.

"வெளியிலை விடும் பிள்ளை. ரோட்டிலை கிடந்தால்தான் அவருக்குப் புத்தி வரும்."

"அவனுக்கு வருத்தம் அண்ணை" என்றார் அக்கா. "வருத்தமெண்டால் மாறும். பீப்பாயை ஊத்தாதவள் தம்பியை ஊத்துவனோ?"

அவர் பொறுத்ததை நான் பார்த்தேன். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அவன் ஒளித்துவைத்த புட்டியை எடுத்து, திட்டாமல், அவன் முன்னால் மேசையில் வைத்துவிட்டு அவனுக்குச் சோறு போடுவார். அவன் வாந்தியைக் கழுவுவார். கெட்ட கனவு கண்டு அவன் அலறினால் கதவைத் திறந்துவைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு தவக்காலம் முழுக்க அவன் குடிக்கவில்லை. அக்காவின் நடையே மாறிவிட்டது. பீப்பாய்களோடு பாட்டுப் பாடினார். உயிர்த்த ஞாயிறன்று பூசைக்கு அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அன்று மாலையே மறுபடி விழுந்தான். திங்களன்று வேலைக்கு வந்த அக்கா, "முதல் தரம்தானே, இன்னொருக்கா எழும்புவான்" என்றார். அவன் எழும்பினான், விழுந்தான், திரும்ப எழும்பினான். சில குளிர்காலம் இப்படியே போயிற்று.

அந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு பெரிய காரியம் கூடிவந்தது. பெல்ஜியத்தில், அந்தப் பள்ளத்தாக்கிலேயே, தலைமுறையாக லாம்பிக் வடிக்கிறவர்கள் எங்கள் கலவையைச் சுவைத்துப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள். முதலாளியின் தாத்தா வெறுங்கையோடு விட்டு வந்த ஊர். அதற்கென்று அக்கா ஒரு பீப்பாயை மூலையில் ஒதுக்கி வைத்திருந்தார். அதைப் போல ஒன்று எங்கள் சாலையில் அதற்கு முன் வந்ததில்லை. சுவை பார்த்துத் துப்பும்போது அக்காவின் முகத்தில் ஒரு கணம் தயக்கம் தெரிந்தது அந்தப் பீப்பாய்க்கு மட்டும்தான்.

நத்தாருக்கு மறுநாள். கடைகளெல்லாம் பூட்டு. தம்பியிடம் சாலையின் சாவி இருந்தது.

நானும் அக்காவும் அடுத்த நாள் காலையில் பூட்டைத் திறக்கும்போதே ஆப்பிள் தோட்டத்துக்குள் நுழைந்த மாதிரி வாசம் அடித்தது. உள்ளே தரை முழுக்க ஈரம். மூலைப் பீப்பாயின் குழாய் திறந்தபடியே இருந்தது, சொட்டு நின்றுவிட்டிருந்தது. அதன் கீழே அவன் நனைந்துபோய்ச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் குடித்தது ஒரு குவளை இருக்கலாம். மிச்சமெல்லாம் வடிகாலில் போயிருந்தது.

அக்கா குழாயை மூடினார். மூட ஒன்றுமில்லாத குழாயை இறுக்கி இறுக்கி மூடினார். பிறகு அவனைத் தோளைப் பிடித்து எழுப்பினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

"போ" என்றார். "முழுக்க விட்டிட்டு வா. ஒரு துளி உனக்குள்ளை இருந்தாலும் என்ர படி ஏறாதை. துப்புரவா விட்டிட்டு வா, கதவு திறக்கிறன். இல்லாட்டி எனக்குத் தம்பி எண்டு ஒருத்தரும் இல்லை."

"அக்கா" என்றான் அவன்.

"போடா."

அவன் ஈரச் சட்டையோடு போனான். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அக்கா தரையைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். விஷயம் கேள்விப்பட்ட முதலாளி, பீப்பாய் போனால் போகிறது, பையனைக் கூப்பிடுங்கள் என்றுதான் சொன்னார். அக்கா அந்தப் பீப்பாயை வெந்நீர் விட்டுக் கழுவினார். அவருக்குப் பியர் போனது பெரிதில்லை என்று எனக்குத் தெரியும். அவர் அத்தனை வருடம் பொறுத்ததெல்லாம் அந்தக் காலையில் சேர்ந்து வந்து நின்றது. யாருக்குத்தான் அலுப்பு வராது?

அவன் சட்டனில் ஒரு சிநேகிதனின் அறையில் இருப்பதாகத் தகவல் வந்தது. நான் அந்தப் பக்கம் புட்டி இறக்கப் போகும் நாட்களில் அக்கா வேனுக்குள் ஒரு சோற்றுப் பார்சலை வைப்பார். ஆருக்கு என்று சொல்லமாட்டார். நான் கொண்டுபோய்க் கதவடியில் சிநேகிதனிடம் கொடுத்துவிட்டு வருவேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கி மூடியைத் திறந்து பார்ப்பார். சாப்பிட்டிருக்கிறான் என்று தெரிந்தால் போதும் அவருக்கு. கூப்பிடுங்களேன் அக்கா என்று நான் இரண்டொரு முறை சொன்னேன். "வருவான்" என்றார். "சொன்னனான்தானே, விட்டிட்டு வருவான்."

பெப்ரவரியில் ஒரு காலை. மாடத்தில் சாறு காய்ச்சத் தொடங்கியிருந்தோம். சிநேகிதன் போன் செய்தான். உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னான், வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. அக்கா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வேனில் ஏறினார். லண்டனை முழுக்கக் குறுக்கே கடக்க வேண்டும். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் செபமாலையை இறுக்கிப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் உயிரோடு இல்லை.

சிநேகிதன் தாழ்வாரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் குற்றவாளி மாதிரி அவனாகவே சொல்லத் தொடங்கினான்.

"அண்ணை அடியோடை நிப்பாட்டிப்போட்டார் அக்கா. ஒரேயடியா. ஞாயிற்றுக்கிழமை உங்களிட்டை வரப்போறன் எண்டவர். கை நடுங்கத் தொடங்கினது. தேத்தண்ணிக் கோப்பை பிடிக்க ஏலாது. வேர்த்துக் கொட்டினது. ஆரோ சுவரிலை நிக்கினம் எண்டவர். எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. கொஞ்சம் வாயிலை விடும் அண்ணை, நடுக்கம் நிக்கும் எண்டு கிளாசிலை ஊத்திக் குடுத்தனான். தட்டி விழுத்திப்போட்டார். ஒரு துளி இருந்தாலும் அக்கா கதவு திறக்கமாட்டா எண்டவர். காலமை வலிப்பு வந்திட்டுது. ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு. நிக்கவே இல்லை அக்கா."

டாக்டர் ஒரு இளம் பெண். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். இவ்வளவு காலம் குடித்த உடம்பில் ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. குடியை நிறுத்தியதே உயிரைக் கொண்டுபோகும், பலருக்கு இது தெரியாது. வைத்தியர் பார்வையில் வைத்து, மருந்து கொடுத்து, மெதுவாகக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். யாரையும் குற்றம் சொல்லிச் சொல்லவில்லை. அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். டாக்டர் போனதும் என்னிடம் திரும்பினார்.

"ஸ்லோலி எண்டுதானே சொன்னவ?"

"ஆமாக்கா."

"ஆறுதலா எண்டு."

"ஆமாக்கா" என்றேன். அவர் அழவில்லை, எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை. அவரே தன் ஏப்ரன் நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அதில் மால்ட் வாசம் இருந்தது.

அடக்கத்துக்குக் கோயில் நிறைய ஆட்கள் வந்தார்கள். புத்தி சொன்ன அண்ணையும் வந்து, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா, "ஓம்" என்றார். பிறகு வழக்கம்போல வேலைக்கு வந்தார். ஓய்வு எடுத்துக்கொள்ளும்படி முதலாளி கெஞ்சிப் பார்த்தார், கேட்கவில்லை. வேறொரு பீப்பாயிலிருந்து அவரே பார்த்துக் கலந்த பியர் பெல்ஜியத்துக்குப் போயிற்று. அங்கே கிழவர்கள் ஒரு புட்டியை முடித்துவிட்டு அடுத்ததைத் திறக்கச் சொன்னார்களாம். அந்தச் செய்தியைப் போனில் கேட்டுவிட்டு முதலாளி சின்னப் பிள்ளை மாதிரி ஓடிவந்தார். நாங்களெல்லாம் கைதட்டினோம். அக்காவும் தட்டினார். அடுத்த வருடம் சாலை இரண்டு மடங்காகப் பெருத்தது. வாசலில் புதுப் பலகை வைத்தோம், எனக்குப் புது வேன் வந்தது. ஒரு கலவைக்கு அக்காவின் பெயரை வைக்க முதலாளி ஆசைப்பட்டார். வேண்டாம் துரை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அவன் பெயரை அவர் எடுக்கவே இல்லை. நாங்களும் எடுக்கவில்லை. கோடை வந்தது, சில பீப்பாய்கள் இழுக்கத் தொடங்கின, அவர் ஒவ்வொன்றின் கழுத்தையும் துடைத்துக்கொண்டு போனார். ஒரு பிற்பகல் நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். திரும்பப் போனபோது கூப்பிட்டார். இந்தியத் தம்பி என்று கூப்பிடவில்லை.

"தம்பி, இருங்கோ" என்றார்.

பக்கத்தில் கவிழ்த்திருந்த தொட்டியில் உட்கார்ந்தேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே, பீப்பாயைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் வளத்த பிள்ளை அவன். குளியடா எண்டால் குளிக்கமாட்டான். பள்ளிக்கூடம் போ எண்டால் கடற்கரையிலை நிப்பான். நாள் முழுக்க அவனைத் தேடித் திரியிறதுதான் என்ர வேலை. அண்டைக்கும், ஆமிக்காரன் நிக்கிறான், அந்த ரோட்டாலை போகாதையடா எண்டு காலிலை விழாக் குறையாச் சொன்னனான். சிரிச்சுக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன். என்ர சொல்லை அவன் பிறந்ததுக்கு ஒரு நாளும் கேட்டதில்லை."

துணியை உதறி, நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை மட்டும் கேட்டிட்டான்."